டோன்யானாவில் ஊர்வன கணக்கெடுப்பு: நடையா, பலகையா, குழியா?

ஸ்பெயினின் செவில்லா நகரில் முதுகலை படிக்கப் போயிருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். “அண்ணே, டோன்யானாவுல ஒரு வசந்தகாலம் வேலை செய்ய வாய்ப்பு வந்திருக்கு. மூணு பேர், ஒரு வண்டி. என்னென்ன ஊர்வன இருக்குன்னு பாத்துச் சொல்லணும். குழிப்பொறி போடுறதா, பலகை போடுறதா, சும்மா நடந்து பாத்தாலே போதுமா?” அரை மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகுதான் பாதிகூடச் சொல்லவில்லை என்று பட்டது. அந்த மணலில் இரண்டு வசந்தகாலம் நடந்தவன் நான். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும் உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாளியைப் புதைத்துப் பிடிக்கும் குழி வேண்டாம். தரையில் போட்டு அடியில் ஒதுங்குபவற்றைப் பார்க்கும் பலகையும், நடையும் சேர்ந்து போகட்டும். நீராமைகளுக்கு மட்டும் தனியாக இரண்டு வாரம் வலை. ஏன் இப்படி என்பதற்குத்தான் மற்றதெல்லாம்.

முதலில் இடம். டோன்யானா ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், குவாடல்கிவிர் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. கடல் அட்லாண்டிக் என்றாலும் வானிலை மத்தியதரைக்கடல் வானிலைதான். மழை குளிர்காலத்தையொட்டிப் பெய்யும், கோடையில் நிலம் காய்ந்து கிடக்கும். 1964-ல் ஹோசே அந்தோனியோ வால்வெர்தே என்ற உயிரியலாளரின் முயற்சியால் அங்கே ஆய்வு நிலையம் வந்தது. 1969-ல் தேசியப் பூங்கா ஆனது. 1994-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. தேசியப் பூங்கா மட்டும் சுமார் 54,000 ஹெக்டேர். உலகம் அதை அறிந்திருப்பது நீர்ப்பறவைகளாலும் ஐபீரிய லின்க்ஸ் பூனையாலும். ஊர்வனவற்றுக்காக யாரும் அங்கே போவதில்லை. எனக்கு அதில் எப்போதும் வருத்தம் உண்டு.

கடற்கரையிலிருந்து உள்ளே நடந்தால் முதலில் வருவது நகரும் மணற்குன்றுகள். ஆண்டுக்கு 5, 6 மீட்டர்கூட நகரும். குன்றுகளுக்கு நடுவே பைன் மரங்கள் சிக்கிக் கிடக்கும் பள்ளங்களுக்கு ‘கொர்ராலெஸ்’ என்று பெயர், நம் மொழியில் சொன்னால் தொழுவங்கள். அதைத் தாண்டினால் நிலைத்துப்போன மணலும் புதரும். மேட்டில் வளரும் வெளிறிய புதரை ‘வெள்ளைக் காடு’ என்றும், தாழ்வில் ஈரத்தைப் பிடித்து வளரும் அடர்ந்த புதரைக் ‘கறுப்புக் காடு’ என்றும் அந்த ஊர்க்காரர்கள் பிரிப்பார்கள். அங்கங்கே குட்டைகள், கார்க் ஓக் மரங்கள். அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் களிமண் சதுப்பு. மணலும் சதுப்பும் தொட்டுக்கொள்ளும் ஒடுங்கிய ஓரத்துக்கு ‘லா வேரா’ என்று பெயர்.

இந்த நிலத்துக்குள் ஏறக்குறைய 20 வகை ஊர்வன இருக்கின்றன. ஒரு நில ஆமை, இரண்டு நீராமை, பச்சோந்தி, பல்லி, மணலில் ஓடும் பல்லிகள், இரண்டு அரணை, மண்புழு மாதிரி இருக்கும் காலில்லாத ஓர் உயிர், எட்டு வகைப் பாம்பு. இவற்றில் பகலில் திறந்த வெளியில் திரிபவை பாதிகூடக் கிடையாது. சில இரவில் வரும், சில மண்ணுக்குள் இருக்கும், சில தண்ணீரில். ஆகவே எந்த முறையை எடுக்கிறோமோ அந்த முறைக்கு அகப்படும் உயிர்தான் பட்டியலில் ஏறும். மற்றது அங்கேயே இருந்தும் ‘இல்லை’ என்று ஆகிவிடும். பாதுகாக்கப்பட்ட இடத்தில் இது வெறும் ஏட்டுப் பிழையோடு நிற்காது. அடுத்த ஆண்டு எங்கே பாதை போடலாம், எங்கே புதர் வெட்டலாம் என்று முடிவு செய்பவர் அந்தப் பட்டியலைத்தான் விரித்து வைத்துக்கொள்வார்.

நடந்து பார்ப்பது

செலவு குறைவு, மணலுக்குச் சேதமில்லை, விலங்கைத் தொட வேண்டியதில்லை. ஒரு இடத்தில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து கண்ணில் படுவதைக் குறிப்பது. எளிது போலத் தெரிந்தாலும், நேரம் தவறினால் மொத்தமும் போச்சு. ஏப்ரலில் காலை 10 முதல் 1 மணி வரை நல்ல நேரம். மே கடைசியில் அதே 10 மணிக்கு மணல் கொதிக்க ஆரம்பித்திருக்கும், எல்லாம் புதருக்குள் போயிருக்கும். அப்போது 8 மணிக்கே தொடங்கி 10-க்கு முடித்துவிட வேண்டும், மறுபடி மாலை 6-க்கு மேல். கிழக்கிலிருந்து ‘லெவாந்தே’ காற்று பலமாக அடிக்கும் நாளில் வீட்டில் உட்கார்ந்து குறிப்பேட்டைச் சுத்தம் செய்யலாம்.

நடையில் நன்றாக அகப்படுபவை மணல் பல்லிகள். விரல் ஓரங்களில் சீப்புப் பல் போல முள் வரிசை உள்ள ஒரு பல்லி வெள்ளைக் காட்டின் திறந்த மணலில் பத்தடி ஓடி நிற்கும், மறுபடி பத்தடி ஓடும். குஞ்சுகளின் வால் செக்கச்செவேலென்று இருக்கும். புதர் அடியில் உலர்ந்த இலையில் சரசரவென்று சத்தம் கேட்டால் அது சமோட்ரோமஸ் பல்லி. கையில் எடுத்தால் கீச்சென்று கத்தும். முதல் தடவை கேட்டபோது பயந்து விட்டுவிட்டேன். நீலப் புள்ளி போட்ட பெரும்பல்லி, வாலோடு சேர்த்தால் இரண்டு அடி வரும், முயல் வளை வாசலில் வெயில் காயும். தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால்தான் உண்டு. நில ஆமையை ஏப்ரல் காலையில் காது கொடுத்துத் தேட வேண்டும், காய்ந்த புல்லைத் தள்ளிக்கொண்டு அது நடக்கும் ஓசை தனியாகத் தெரியும். ஸ்பெயின் பெருநிலத்தில் இந்த ஆமை இரண்டே பகுதிகளில் இருக்கிறது. ஒன்று தென்கிழக்கில் முர்சியா, அல்மேரியா பக்கம், மற்றொன்று இங்கே. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் மதிப்பு உண்டு.

பச்சோந்திக்கு மட்டும் இரவு நடை. உறங்கும்போது கிளை நுனியில் வெளிறிப்போய் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் இலைகளுக்கு நடுவே அந்த வெளிறல் பளிச்சென்று தெரியும். பகலில் அதே மரத்தைப் பத்து முறை சுற்றினாலும் பார்க்க முடியாது. நம் ஊர் வேலி ஓரப் பச்சோந்தியும் இதுவும் ஒரே பேரினம். எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பைன் கிளையில், அதே சுருட்டிய வாலைப் பார்த்தபோது ஊர் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

சரி, நடையின் குறை என்ன? காணாமல் விட்டதை ‘இல்லை’ என்று எழுதிவிடும் ஆபத்து. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு இடத்தில் ஒரு பாம்பு இருக்கிறது, ஒரு முறை போனால் அதைக் காணும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆறு முறை போனாலும் அதை ஒரு தடவையாவது காணும் வாய்ப்பு நூற்றுக்கு 47 தான். நூற்றுக்கு 95 வேண்டுமென்றால் 29 முறை போக வேண்டும். அதே வாய்ப்பு பத்தில் மூன்றாக இருந்தால் ஒன்பது முறை போதும். பத்தில் ஐந்தானால் ஐந்தே முறை. ஓடும் பல்லிகள் இந்தக் கடைசி வகை. பாம்புகளும் அரணைகளும் முதல் வகை. ஆக வெறும் நடையை மட்டும் நம்பினால், பல்லி நிறைந்த, பாம்பே இல்லாத ஒரு டோன்யானாவைத்தான் எழுதிக் கொடுப்போம்.

இன்னொன்று, ஆளுக்கு ஆள் கண் வேறு. எங்கள் குழுவில் ஒருவர் நின்ற இடத்திலிருந்தே நாலு பல்லி காட்டுவார், பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்று தெரியும். இதற்கு மருந்து, ஒரே ஆளை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப அனுப்பாமல் மாற்றி மாற்றி அனுப்புவது. யார் போனார் என்பதையும் எழுதி வைப்பது.

பலகை

ஒரு துண்டுத் தகரம் அல்லது மரப் பலகையைத் தரையில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். வேறொன்றும் இல்லை. சில வாரம் கழித்து அடியில் ஈரம் சேரும், எறும்பு வரும், பூச்சி வரும், அவற்றைத் தேடிச் சிறிய உயிர்கள், அவற்றைத் தேடிப் பாம்பு. காலையில் தகரம் சூடாகும்போது வெளியே தலை காட்டாமலே உடம்பைச் சூடேற்றிக்கொள்ள அவற்றுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

டோன்யானாவுக்கு இது பொருந்துவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அந்த மணலில் கல் கிடையாது. பிரான்ஸின் புரோவான்ஸிலோ கிரேக்கத் தீவுகளிலோ வேலை செய்பவர்கள் கல்லைப் புரட்டியும் பழைய கல்சுவர்களில் தேடியும் பாதி வேலையை முடித்துவிடுவார்கள். அங்கே பத்தாயிரம் இயற்கை மறைவிடங்களுக்கு நடுவே நம் பலகை ஒரு பொருட்டே ஆகாது. டோன்யானாவில் விழுந்த மரக்கட்டையும் முயல் வளையும் புதர் வேரும் தவிர வேறு கூரை இல்லை. அதனால் போட்ட பலகை சும்மா கிடப்பதில்லை. கட்டைகளைப் புரட்டி வைத்த இடம் சரியில்லாமல் அடி ஈரம் காய்ந்துபோகும் அநியாயத்தையும் தவிர்க்கலாம்.

அடியில் யார் வருவார்கள்? மண்ணுக்குள் வாழும் அந்தக் காலில்லாத உயிர், ஊதா கலந்த பழுப்பு நிறம், உடம்பு முழுக்க வளையம் வளையமாக. மழை பெய்து இரண்டு நாள் ஆன பிறகு பலகை தூக்கினால் கிடைக்கும். அதைத் தின்னும் சிறு பாம்பு ஒன்று, கழுத்தில் கறுப்புப் பட்டை போட்டது, இரவில்தான் திரியும். நடையில் அதைப் பார்த்தவர்கள் அபூர்வம். இரண்டு அரணைகளும் வரும். ஏணிப்பாம்பின் குட்டி வரும், முதுகில் ஏணிப்படி வரைந்தது போல இருக்கும். விரியன் வரும்.

விரியன் வரும் என்பதால் பலகை தூக்கும் விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பலகைக்குப் பின்னால் நில். கம்பிக் கொக்கியை எதிர்ப்பக்க விளிம்பில் மாட்டு. உன் பக்கமாக இழுத்துத் தூக்கு. அப்படித் தூக்கினால் பலகையே உனக்கும் அடியில் இருப்பதற்கும் நடுவில் கேடயமாக நிற்கும். விரலை விளிம்புக்கு அடியில் ஒருபோதும் விடாதே. மேலிருந்து எட்டிப் பார்த்துப் பார்வையை இடமிருந்து வலமாக ஓட்டு. மூன்று நொடி. முதல் நொடியில் எறும்பும் முட்டையும்தான் தெரியும், இரண்டாவதில் ஏதோ ஒரு மூலை மட்டும் மணல் நிறத்தில் இல்லாமல் இருக்கும். ஒரு மார்ச் காலையில் அப்படித்தான், காய்ந்த ஜூனிப்பர் வேர் என்று நினைத்தது மூச்சு விட்டது. மூக்கு நுனி மேலே தூக்கிய, முதுகில் அலை அலையாகக் கறுப்புக் கோடு ஓடும் லடஸ்தே விரியன். ஓடவில்லை. தலையை மட்டும் அரை அங்குலம் பின்னுக்கு இழுத்தது. படம் ஒன்று எடுத்தேன், அது போதும்.

அப்புறம் முக்கியமானது, பலகையைத் திரும்ப வைப்பது. அடியில் இருக்கும் உயிரின் மேல் பலகையை இறக்கினால் நசுங்கும். பல்லியோ அரணையோ என்றால் எடுத்துத் தள்ளி வைத்து, பலகையைப் பழைய தடத்திலேயே பொருத்தி, பிறகு விளிம்பில் விட வேண்டும். அதுவே உள்ளே போய்விடும். விரியன் என்றால் கொக்கியால் மெதுவாக நகர்த்த வேண்டும். அது அனுபவம் உள்ள ஒருவர் செய்ய வேண்டிய வேலை. குழுவில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பலகை முறையே வேண்டாம்.

குறைகளும் உண்டு. பலகை பழகுவதற்குக் காலம் வேண்டும். மார்ச்சில் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபரில் போட வேண்டும். மே கடைசியில் தகரத்தின் அடி அடுப்பாகிவிடும், பலகையில் கொஞ்சம் தாங்கும். யாராவது அடியில் முட்டையிட்டிருந்தால் அது வெந்துபோகும். அதனால் ஜூன் தொடக்கத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். காட்டுப்பன்றி வேறு. பலகைக்கு அடியில் புழு இருப்பதை அது நம்மைவிடச் சீக்கிரம் தெரிந்துகொள்ளும். ஒரே இரவில் ஒரு வரிசைப் பலகையை முழுக்கப் புரட்டிப் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறைக்கு மேல் தூக்கினாலும் உயிர்கள் அந்த இடத்தைக் கைவிட்டுவிடும். பெரிய பாம்புகள், இரண்டு மீட்டர் வளரும் மொன்பெலியே பாம்பு போன்றவை, முழுதாக வளர்ந்த பிறகு பலகையை அதிகம் நாடுவதில்லை. அவற்றுக்கு நடைதான். நடையில் விட்டதைப் பலகையும், பலகையில் விட்டதை நடையும் பிடிப்பதால்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

குழி

குழிப்பொறி என்றால், வாளியைத் தரையோடு தரையாகப் புதைத்து, முழங்கால் உயரத்துக்குத் தடுப்புத் துணியை வேலியாக நட்டு, அதன் வழியே ஓடி வரும் உயிரை வாளிக்குள் விழ வைப்பது. பொதுவாக 20 லிட்டர் வாளி. உண்மையைச் சொன்னால், அரணைகளையும் சிறு பல்லிகளையும் எண்ணிக்கையில் பிடிக்க இதுபோல வேறு முறை இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பார்த்தால் எண்கள் அழகாக வரும். அதனால்தான் புதிதாக வருபவர்களுக்கு இதில் ஆசை. டோன்யானா மணலில் தோண்டுவதும் சுலபம், ஒரு நாளில் பத்து குழி போட்டுவிடலாம்.

அந்தச் சுலபம்தான் ஏமாற்றும். காற்று ஒரு இரவில் வாளியை மணலால் நிரப்பும். தாழ்வான இடத்தில் மார்ச் மழைக்கு நிலத்தடி நீர் ஏறினால் வாளி மிதந்து வெளியே வரும். துளை போட்டால் தண்ணீர் உள்ளே வரும். பெரிய பாம்புக்கு வாளி ஒரு தடையே கிடையாது, வந்த வழியே ஏறிப் போய்விடும். அப்புறம் நாம் தேடாதவை விழும். மூஞ்சூறுகள் ஒரே இரவில் பட்டினியால் செத்துப்போகும். தின்றதை அவற்றின் உடம்பு அவ்வளவு வேகமாக எரித்துவிடும். மழை இரவில் தேரைகள் குவியும்.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. வேறொரு நாட்டில், வேறொரு காப்பகத்தில், தொடக்க காலத்தில் ஒரு குழிப்பொறிக் குழுவில் இருந்தேன். தினமும் காலையில் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு நாள் வண்டி பழுது. ‘மதியம் போய்க்கொள்ளலாம்’ என்று நான்தான் சொன்னேன். போனபோது மணி இரண்டு. மூன்றாவது வாளியில், நிழலுக்கு வைத்த கடற்பஞ்சின் அடியில், ஒரு பெண் பல்லியும் அது போட்ட நான்கு முட்டையும். பல்லி விறைத்துக் கிடந்தது. வாளியின் சுவரில் அது ஏறப் பார்த்த கீறல்கள் கீழிருந்து ஒரு சாண் உயரம் வரை இருந்தன. கணக்கேட்டில் அது ஒரு வரி. எனக்கு அந்தக் கீறல்கள் இன்னும் போகவில்லை.

நாளுக்கு இரண்டு முறை கட்டாயம் பார்க்க ஆள் இருந்தால், மூடி போட்டு மூடித் திறக்கும் ஒழுங்கு இருந்தால், ஐந்து நாள் ஐந்து நாளாகப் பிரித்து வைத்தால் குழிப்பொறி நியாயமான கருவிதான். ஒரே மணல் திட்டில் ஒரு அரணையின் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பது கேள்வி என்றால் நானே அதைச் சிபாரிசு செய்வேன். ஆனால் 54,000 ஹெக்டேரில் யார் யார் இருக்கிறார்கள் என்பது கேள்வி, மூன்று பேர், ஒரு வண்டி என்றால், ஒரு வண்டி பழுதானாலே பொறி கொலைக்களமாகிவிடும். அதற்கு மேல் அனுமதி. பூங்காவுக்குள் தோண்டுவதற்கும் பிடிப்பதற்கும் ஆண்டலூசிய மாநில அரசின் அனுமதி வேண்டும். அங்கே உள்ள பல இனங்கள் ஸ்பெயினின் சட்டத்திலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிட ஆணையிலும் பாதுகாக்கப்பட்டவை. ‘எதற்காக?’ என்று கேட்பார்கள். ‘பட்டியலுக்காக’ என்பது பலமான பதில் இல்லை.

தண்ணீரில் இருப்பவை

நீராமைகளுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. இரண்டு இனம். ஒன்று கறுத்த ஓட்டில் மஞ்சள் பொட்டு தெளித்தது, மற்றொன்று ஆலிவ் நிறம், கழுத்தில் ஆரஞ்சுக் கோடுகள். கரையில் வெயில் காயும்போது தொலைநோக்கியில் எண்ணலாம், ஆனால் மஞ்சள் பொட்டு ஆமைக்குக் கூச்சம் அதிகம், நாம் வரும் முன்பே தண்ணீருக்குள் போயிருக்கும். அதனால் மத்தி மீன் வைத்த வலைக்கூடு. ஒரே ஒரு விதி: கூட்டின் மேல்பகுதி எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். ஆமைக்கு மூச்சு வேண்டும். உள்ளே காலி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கட்டினால் கூடு மூழ்காது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1974-ல் அமெரிக்கச் சிவப்பு நண்டிறாலை அந்தச் சதுப்பில் கொண்டு வந்து விட்டார்கள். இன்று அதைப் பிடிப்பது அங்கே பெரிய தொழில். முழுக்க மூழ்கிய நண்டிறால் கூடுகளுக்குள் ஆமைகள் இரை தேடிப் போய் மூச்சுத் திணறிச் சாகின்றன. கணக்கெடுக்கப் போகும் நாம் அதே தவறைச் செய்யக்கூடாது.

கூட்டில் காதோரம் சிவப்புப் பட்டை உள்ள ஆமை வந்தால் அது யாரோ வளர்த்து விட்ட அமெரிக்க ஆமை. பூங்கா அலுவலருக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல் தண்ணீரே இல்லாமல் போவது. சுற்றிலும் ஸ்ட்ராபெரிப் பண்ணைகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. அந்த நீரைக் காக்கத் தவறியதாக 2021-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பும் சொன்னது. வற்றாத குட்டை என்று பெயர் எடுத்த சாந்தா ஒலாய்யா 2022-லும் 2023-லும் கோடை முடிவில் வற்றிப்போனது. ஆகவே வலையை ஜூனுக்குத் தள்ளிப் போடாதே. ஏப்ரலில் தண்ணீர் இருக்கும்போதே இரண்டு வாரத்தை ஒதுக்கு. வற்றத் தொடங்கினால் ஆமை சேற்றில் புதையும், இல்லை வேறு தண்ணீர் தேடி நடக்கும். அப்போது வலையில் ஒன்றும் இல்லாததற்கு அர்த்தமே கிடையாது.

மற்றவை, சுருக்கமாக

தானியங்கிக் கேமரா வேலைக்கு ஆகாது. அது சூட்டு வித்தியாசத்தைப் பார்த்துப் படம் எடுக்கும். பாம்பின் உடம்பு மணலின் சூட்டிலேயே இருப்பதால் கேமராவுக்கு அது கண்ணில் படுவதில்லை. தண்ணீரில் மிதக்கும் மரபணுவை வடித்துப் பார்க்கும் முறை தவளைகளுக்கு அருமை. செதில் போர்த்திய ஊர்வன தண்ணீரில் விடுவது மிகக் குறைவு, மணலில் வாழ்பவை விடுவதே இல்லை. இந்த வேலைக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

அல்மோன்தேயிலிருந்து எல் ரோசியோ வழியாக மத்தலாஸ்கன்யாஸ் போகும் சாலையை விடியற்காலையில் ஓட்டிப் பார்ப்பது வேறு கதை. வண்டியில் அடிபட்டவை கிடக்கும். மனசுக்குக் கஷ்டமான வேலைதான், ஆனால் அடிபட்ட ஒவ்வொரு பாம்பும் ஒரு உறுதியான பதிவு. காக்கை கொத்தும் முன் போக வேண்டும். அந்தப் பதிவை வைத்து எண்ணிக்கை பேசக் கூடாது, ‘இருக்கிறது’ என்று மட்டும் எழுதலாம். பாம்பு தின்னும் கழுகு கூடு கட்டியிருக்கும் மரத்தடியும் அப்படித்தான். கூட்டுக்குக் கிட்டப் போகாமல், குஞ்சுகள் பறந்த பிறகு பார்க்கலாம்.

அப்புறம் மனிதர்கள். வனக் காவலர்கள், பைன் காய் பறிப்பவர்கள், தேன் எடுப்பவர்கள். கையில் படத்தோடு போய் உட்கார்ந்து பேசினால் ஒரு நடைக்குச் சமம். ஆனால் பயமும் சேர்ந்தே வரும். ஆண்டலூசியாவில் சுவர்ப் பல்லி துப்பினால் முடி கொட்டும் என்று சொல்வார்கள். நம் ஊரில் அரணை கடித்தால் மரணம் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் அதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றவில்லை. கேட்டுவிட்டு, அந்தப் பல்லியைக் கையில் வைத்துக் காட்டினேன். ஒரு பாட்டி விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். விரியனைப் பற்றி அவர் சொன்ன இடம் பிறகு சரியாகவே இருந்தது.

தம்பிக்கு என் திட்டம்

30 இடம் எடு. மணற்குன்று, பைன் பள்ளம், வெள்ளைக் காடு, கறுப்புக் காடு, லா வேரா என்று பிரித்து எடு, உனக்குப் பிடித்த இடமாகப் பார்த்து எடுக்காதே. வண்டிப் பாதை ஓரமாகவே எல்லாம் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு தகரம், ஒரு மரப் பலகை. அக்டோபரில் போடு. மார்ச் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஒவ்வொரு இடத்துக்கும் ஆறு முறை, மொத்தம் 180 முறை. ஒவ்வொரு முறையும் அரை மணி நடை, முடிவில் பலகை. நடையில் கண்டதையும் பலகையில் கண்டதையும் ஒரே கட்டத்தில் எழுதாதே. பிரித்து எழுதினால்தான் எந்த முறையில் எந்த உயிரைக் காணும் வாய்ப்பு எவ்வளவு என்று பின்னால் கணக்குப் போட முடியும். ஒன்றும் காணாத முறையையும் எழுது. ஆறு வெறும் கட்டங்களுக்கும் போகாத ஆறு நாளுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் இந்த வேலையின் உயிர்.

மே அல்லது ஜூனில் வரும் பெந்தகொஸ்தே பண்டிகைக்கு எல் ரோசியோவுக்கு லட்சக்கணக்கில் யாத்ரீகர்கள் வருவார்கள். சான்லூகர் பக்கத்திலிருந்து வரும் கூட்டம் ஆற்றைப் படகில் கடந்து பூங்காவுக்குள்ளேயே மணல் பாதையில் வண்டியும் குதிரையுமாகப் போகும். அந்த வாரத்துக்கு வேலை வைக்காதே. தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள், அது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

நில ஆமையும் விரியனும் இருந்த துல்லியமான இடத்தை எங்கும் வெளியிடாதே. ஆமையை வீட்டில் வளர்க்கத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினின் ஊர்வன வரைபடங்கள் 10 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் வரும். அதற்கு மேல் நுணுக்கம் ஊருக்குத் தேவையில்லை, பூங்கா அலுவலகத்துக்கு மட்டும் கொடு. ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குப் போகும் முன் வலையையும் காலணியையும் கழுவிக் காயவை, நோயைச் சுமந்து போகிறவர்களாக நாம் ஆகிவிடக் கூடாது.

பலகைக்கெல்லாம் எண் போடு. போட்ட இடத்தை ஜிபிஎஸ்ஸிலும் குறி, காகிதத்திலும் வரை. நாங்கள் 60 போட்டோம், ஜூனில் 59 எடுத்தோம். 41-ஆம் எண் தகரத்தை நகரும் குன்றின் ஓரத்தில், மூன்று மீட்டர் தள்ளிப் போட்டிருந்தேன். அந்த ஆண்டு குன்று அதைத் தாண்டி வந்துவிட்டது. இரண்டு நாள் கம்பியால் குத்திப் பார்த்தோம், அகப்படவில்லை. குன்று முழுக்கக் கடந்து போனதும் அது பின்பக்கம் வெளியே வரும். அங்கே போனால், தம்பி, ஜூனிப்பர் மரத்துக்குக் கடல் பக்கமாக ஒரு தடவை பார்த்துவிட்டு வா.